வானமும் காமிராவும்

ஐப்பசி மாதத்தில் தனுஷ்கோடிக்குச் சென்றவர்கள் அங்குள்ள வானத்தை எளிதில் மறக்கமாட்டார்கள். இருபுறமும் கடல், நடுவே வெள்ளை மணல், தலைக்குமேல் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும் மேகக் கூட்டம். ஒரு நிமிடம் கண் கூசும் வெயில், மறு நிமிடம் மாலைப் பொழுதோ என்று ஐயுறும் மங்கல். 2009ஆம் ஆண்டு அந்த மணல்வெளிக்கு ஒரு சிறிய வீடியோ காமிராவுடன் நான் போயிருந்தேன். 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு அந்த ஊரை அழித்த புயலைக் கண்ணால் கண்ட மீனவர் ஒருவரின் நினைவுகளைப் பதிந்து வைக்கவேண்டும் என்பது என் ஆசை. பாம்பனிலிருந்து வந்த ரயில் வண்டியையே கடல் கொண்டுபோன இரவு அது. பெரியவருக்கு அப்போது இருபது வயது.

இடிந்து நின்ற ஒரு சுவரின் முன்னால் அவரை உட்காரவைத்தேன். அவர் இரண்டு மணி நேரம் பேசினார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். காமிராவைத் தானே இயங்கும்படி விட்டுவிட்டிருந்தேன். ஒளியைப் பற்றி ஒரு கணமும் எண்ணவில்லை. பெரியவரின் பேச்சுக்கு முன்னால் வெயிலும் நிழலும் எனக்குப் பொருட்டாகவே தோன்றவில்லை.

ஊருக்குத் திரும்பி, அந்த இரண்டு மணி நேரத்தைப் பன்னிரண்டு நிமிடமாகச் சுருக்கி, ஒரு கல்லூரி மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினேன். படம் முடிந்ததும் பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள். “ஐயா, ‘தம்பி கையைப் பிடிச்சிருந்தேன்’ என்று அவர் சொல்லும்போது முகத்தில் வெயில் அடிக்கிறது. அடுத்த சொல் வரும்போது முகம் நிழலில் இருக்கிறது. நடுவில் எதை எடுத்துவிட்டீர்கள்?” என்று கேட்டாள்.

நடுவில் நான் எடுத்துவிட்டது ஏறத்தாழ நான்கு நிமிட மௌனம். பெரியவர் பேசாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. பார்ப்பவர்களுக்குச் சலிப்பாக இருக்கும் என்று கருதி வெட்டிவிட்டேன். ஒட்டிய இடம் தெரியாது என்று எண்ணியிருந்தேன். வானம் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

திறந்தவெளியில் ஒரு மனித முகத்தின்மேல் விழும் ஒளியைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே சீராக வைத்திருப்பது எப்படி என்ற கேள்வி அன்று முதல் என்னை விடவில்லை. படிக்கப் படிக்க, காமிரா பிறந்த நாளிலிருந்தே இந்தக் கேள்வியும் அதனுடன் இருந்துவருகிறது என்பது தெரிந்தது. அந்த வரலாற்றின் சில பகுதிகளை மாணவ நண்பர்களாகிய உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

முதலில், அந்த இரண்டு மணி நேரமும் எதிரே உட்கார்ந்திருந்த என் கண்ணுக்கு ஒளியின் மாற்றம் ஏன் உறைக்கவில்லை? நடுப்பகல் வெயில் நேராக விழும் இடத்தில் ஒளியின் அளவு ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் என்பர். மேகம் மூடினால் அது 10,000, 20,000 என்று இறங்கும். கார்மேகமாயின் இன்னும் கீழே போகும். பத்தில் ஒரு பங்காகக் குறைந்தாலும் நம் கண் முறையிடுவதில்லை. கண்மணி விரிகிறது, மூளை சரிசெய்துகொள்கிறது, நாம் பேச்சைத் தொடர்கிறோம். காமிராவுக்கு இந்தப் பெருந்தன்மை கிடையாது.

அளவு மட்டுமா மாறுகிறது? நிறமும் மாறுகிறது. ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்னும் அலகால் அளப்பது வழக்கம். நண்பகல் வெயில் சுமார் 5,500 கெல்வின். மேகம் மூடிய வானம் 6,500. வெயில் படாமல் நீலவானத்தின் ஒளி மட்டும் படும் நிழலிடம் இன்னும் கூடுதல். எண் ஏற ஏற நீலம் ஏறும். ஆகையால் வெயிலில் பொன்னிறமாய் இருந்த முகம் மேகம் வந்ததும் நோயாளியின் முகம்போல் வெளிறுகிறது. இவை இரண்டையும்கூட ஓரளவு பின்னால் திருத்திவிடலாம். திருத்தவே முடியாதது மூன்றாவது மாற்றம். அது நிழலின் விளிம்பு. சூரியன் வானத்தில் அரைப் பாகை அகலமே உள்ள சிறு விளக்கு. ஆதலால் மூக்கின் நிழல் கத்தியால் வெட்டியதுபோல் கன்னத்தில் விழும். மேகம் மூடிவிட்டாலோ வானம் முழுவதுமே ஒரு விளக்காகிவிடுகிறது; நிழல் கரைந்துபோகிறது. இத்தனைக்கும் மேலாகச் சூரியன் மணிக்குப் பதினைந்து பாகை நகர்ந்துகொண்டும் இருக்கிறது. என்னுடைய இரண்டு மணி நேரப் பேட்டியில் அது முப்பது பாகை போய்விட்டது!

இந்தச் சிக்கல் உலகின் முதல் ஒளிப்படத்திலேயே பதிவாகியிருக்கிறது என்றால் நீங்கள் வியப்படையலாம். பிரான்சு நாட்டில் நியெப்ஸ் என்பவர் 1826 அல்லது 1827ஆம் ஆண்டில் தம் வீட்டுச் சன்னலிலிருந்து ஒரு காட்சியைத் தகட்டில் பதித்தார். இன்று எஞ்சியுள்ள காமிராப் படங்களுள் மிகப் பழையது அதுவே. அந்தத் தகடு ஒளியை வாங்கப் பல மணி நேரம் ஆயிற்று. அதற்குள் சூரியன் கிழக்கிலிருந்து மேற்குக்கு நகர்ந்துவிட்டது. அதன் விளைவாக, படத்தில் எதிரெதிரே நிற்கும் கட்டடங்கள் இரண்டின்மேலும் வெயில் அடிக்கிறது. எந்த மனிதக் கண்ணும் ஒரே நேரத்தில் காணமுடியாத காட்சி அது.

சலனப்படம் பிறந்தபோது வெயிலைத் துரத்திப் பிடிக்கும் முயற்சியும் பிறந்தது. அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்து வெஸ்ட் ஆரஞ்ச் என்னும் ஊரில், எடிசனின் ஆய்வுக்கூடத்தை ஒட்டி, 1893ஆம் ஆண்டில் ஒரு விசித்திரமான கொட்டகை எழுந்தது. சுவரெல்லாம் தார்க் காகிதம். கூரையில் திறந்து மூடும் பலகை. அக்கொட்டகையை வட்டமான தண்டவாளத்தின்மேல் அமைத்திருந்தனர். சூரியன் நகர நகர, ஆட்கள் கொட்டகையையே தள்ளித் திருப்புவார்கள். ‘பிளாக் மரியா’ என்று அதற்குப் பெயர். கைதிகளை ஏற்றிச் செல்லும் கறுப்பு வண்டியின் செல்லப்பெயர் அது. சூரியகாந்திப் பூவைப்போல ஒரு கட்டடம் வெயிலை நோக்கித் திரும்பியதை எண்ணிப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, மரியாதையும் உண்டாகிறது. ஆனால் மேகம் வந்துவிட்டால் கொட்டகையை எந்தப் பக்கம் திருப்பி என்ன பயன்?

1897இல் பாரிஸ் நகரை அடுத்த மான்த்ரேயில் மெலியே என்னும் மாயவித்தைக்காரர் கண்ணாடியாலேயே ஒரு ஸ்டூடியோ கட்டினார். கூரையும் சுவரும் பெரும்பாலும் மங்கலான கண்ணாடி. வெயிலின் கூர்மையை அந்தக் கண்ணாடி தடுத்து, பரந்த மெல்லொளியாக உள்ளே விட்டது. கண்ணாடி வாங்க வசதியில்லாத இடங்களில் துணி அந்த வேலையைச் செய்தது. கலிபோர்னியாவில் தொடக்க காலப் படக்காரர்கள் கூரையில்லாத மேடைகளை அமைத்து, மேலே கம்பிகளில் மஸ்லின் துணியை இழுத்துக் கட்டினார்கள். அமெரிக்கச் சினிமா கிழக்குக் கரையை விட்டு அங்கே குடியேறியதற்குக் காரணங்கள் பல உண்டு. ஆண்டின் பெரும்பகுதியும் மாறாமல் அடிக்கும் வெயில் அவற்றுள் ஒன்று.

அதே கால அளவில் நம் சென்னையிலும் ஒரு வெண்துணி கட்டப்பட்டது. நடராஜ முதலியார் என்பவர், மோட்டார் உதிரிப்பாகங்கள் விற்றுவந்த வணிகர், புரசைவாக்கத்து மில்லர்ஸ் சாலையில் ஸ்டூடியோ ஒன்றை ஏற்படுத்தி, ‘கீசக வதம்’ என்ற மௌனப் படத்தைத் தயாரித்தார். தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் அதுவே. அது வெளிவந்த ஆண்டு 1916 என்றும் 1917 என்றும் 1918 என்றும் ஆசிரியர்கள் வேறுபடுகின்றனர். ஆனால் ஸ்டூடியோவின் மேற்கூரையாக மெல்லிய வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள் என்பதும், அதன் வழியாக வடிந்த வெயிலே அந்தப் படத்துக்கு விளக்கு என்பதும் பதிவாகியிருக்கின்றன. படம் அழிந்துபோயிற்று. அந்தத் துணியின் கீழ்த் திரௌபதியின் முகம் எப்படித் தோன்றியது என்பதை நாம் இனிக் காணமுடியாது.

இனி வங்காளத்துக்கு வருகின்றேன். இந்த வரலாற்றில் என் மனத்துக்கு மிகவும் நெருக்கமான பகுதி அங்கேதான் நடந்தது.

1949ஆம் ஆண்டு இறுதியில் பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் ‘தி ரிவர்’ என்னும் வண்ணப்படத்தை எடுக்கக் கல்கத்தாவுக்கு வந்தார். அவருடைய அண்ணன் மகன் கிளோது ரெனுவார் ஒளிப்பதிவாளர். அப்படத்தில் உதவியாளனாகச் சேர ஒரு கல்லூரி மாணவன் முயன்றான், வேலை கிடைக்கவில்லை. பிறகு அவனுடைய தந்தையே மகனை அழைத்துச் சென்று பேசி, வேடிக்கை பார்க்க மட்டுமாவது அனுமதி வாங்கிக் கொடுத்தார். அந்த மாணவன் பெயர் சுப்ரத மித்ரா. வேடிக்கை பார்க்க வந்தவன் வெறுமனே வேடிக்கை பார்க்கவில்லை. விளக்குகள் எங்கே நின்றன, நடிகர் எங்கிருந்து எங்கே நடந்தார், காமிரா எப்படி நகர்ந்தது என்று படங்களும் கோடுகளுமாக நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் எழுதிவந்தான். ஒரு நாள் அந்த நோட்டுப் புத்தகம் ரெனுவாரின் கண்ணில் பட்டது. அதன்பின், முன்பு எடுத்த காட்சி ஒன்றைத் திரும்ப எடுக்க நேரும்போது, ஒளி பழையபடியே இருக்கிறதா என்று சரிபார்க்கக் கிளோது ரெனுவார் அந்த மாணவனின் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தாராம்!

நண்பர்களே, இந்தச் செய்தியைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். தனுஷ்கோடியில் என்னிடம் விலையுயர்ந்த கருவி இல்லாதது குறையன்று. ஒரு பென்சிலும் நோட்டும் இல்லாததே குறை.

விடுமுறை நாட்களில் அந்தப் படப்பிடிப்பைப் பார்க்க விளம்பர நிறுவன ஓவியர் ஒருவரும் வருவது வழக்கம். அவர்தாம் சத்யஜித் ராய். ‘பதேர் பாஞ்சாலி’யைத் தொடங்கியபோது, அதுவரை சினிமாக் காமிராவை இயக்கியே அறியாத இருபத்தொரு வயது மித்ராவை ஒளிப்பதிவாளராக அவர் தேர்ந்தெடுத்தார். மழையிலும் அந்தி மங்கலிலும் வெளியிடத்தில் படம் எடுக்கமுடியாது என்று துறை அறிந்தவர்கள் கைவிரித்தனர். உடனே ராய் வாடகைக்கு ஒரு 16 மில்லிமீட்டர் காமிராவை எடுத்துக்கொண்டு, மழை நாளில் கிராமத்துக்குச் சென்று, மாந்தோப்பின் இருட்டிலும் கொட்டும் மழையிலும் சோதனை செய்து பார்த்தார். படம் விழுந்தது.

ஆனால் இயற்கை தன் பங்குக்கு அவர்களைச் சோதித்தது. 1952ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள், வெண்ணிற நாணல் பூத்த வெளியில் முதல் நாள் படப்பிடிப்பு. அடுத்த வாரம் மீதியை எடுக்கப் போனால் பூக்களைக் காணோம், மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. மறுபடி பூக்கும் பருவத்துக்காகக் காத்திருந்தே அந்தக் காட்சியை முடித்தார்கள். மழைக் காட்சிக்கும் இதே கதை. மழைக்காலத்தில் கையில் பணம் இல்லை; பணம் வந்தபோது மழை இல்லை. அக்டோபர் மாதத்தில் நாள்தோறும் குழந்தை நடிகர்களுடன் கிராமத்துக்குப் போய், மேகத்துக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். படம் 1955இல் வெளிவந்தது. காத்திருப்பதே ஒளியைச் சீராக்கும் முதல் வழி. அதற்குப் பணம் வேண்டாம் என்று தோன்றும். உண்மையில் அதைவிடச் செலவு மிகுந்த வழி வேறு இல்லை.

அடுத்த படமாகிய ‘அபராஜிதோ’ 1956இல் வந்தது. காசி நகரத்துப் பழைய வீடுகளின் நடுமுற்றத்தில் ஒளி மேலிருந்து மட்டுமே இறங்கும். நான்கு புறச் சுவர்களுக்கிடையில் அது கிணற்றில் நீர்போல் நிழலின்றி நிறைந்து நிற்கும். மழைக்கு அஞ்சி, அந்த முற்றத்தைக் கல்கத்தா ஸ்டூடியோவில் செட்டாகப் போடுவதென்று ராயும் கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தாவும் முடிவு செய்தனர். மித்ரா ஒப்பவில்லை. ஸ்டூடியோ விளக்குகளைக் கொண்டு நிழலில்லாத வானொளியை உண்டாக்கவே முடியாது, வெளிக்காட்சியும் செட்டும் ஒட்டாமல் நிற்கும் என்று கடுமையாக வாதாடினார். வாதத்தில் தோற்றார். தோற்றதனால்தான் ஒரு புதுமை பிறந்தது. முற்றத்தின் உச்சியில், வானம் இருக்கவேண்டிய இடத்தில், சட்டத்தில் கட்டிய வெள்ளைத் துணியை விரித்தார். விளக்குகளை நடிகர்மேல் திருப்பாமல், கீழிருந்து அந்தத் துணியை நோக்கித் திருப்பினார். துணியில் பட்டுத் திரும்பி இறங்கிய ஒளி வானத்தின் ஒளியாகவே இருந்தது. படத்தைப் பார்ப்பவர்களுள் ஆயிரத்தில் ஒருவருக்கும் அது செட் என்ற ஐயம் எழாது. சில ஆண்டுகளுக்குப்பின் ஸ்வீடன் நாட்டு ஒளிப்பதிவாளர் ஸ்வென் நிக்விஸ்ட் இத்தகைய முறையைத் தாம் கையாண்டது பற்றிக் கூறியபோது, இதை நாங்கள் முன்பே செய்துவருகிறோமே என்று ராய் குறிப்பிட்டார். யார் முதல் என்ற வழக்கை நான் இங்கே தீர்க்கப்போவதில்லை.

நிக்விஸ்ட் வேறொரு வகையில் எனக்கு ஆசிரியர். 1963இல் வெளிவந்த ‘விண்டர் லைட்’ என்ற படத்துக்காக, அவரும் இயக்குநர் பெர்க்மனும் குளிர்கால மாதாகோயில்களில் பகல் பதினொரு மணி முதல் இரண்டு மணி வரை வெறுமனே உட்கார்ந்து, ஒளி எப்படி மாறுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்களாம். காமிராவைத் தொடுவதற்கு முன் பார்ப்பதே வேலை என்று எண்ணியவர்கள் அவர்கள்.

பேட்டியின் வரலாறு சற்று வேறானது. கதைப்படக்காரனுக்கு மேகம் விலகும்வரை நடிகரை உட்காரவைக்க முடியும். தெருவில் போகிறவரை எப்படி நிறுத்திவைப்பது? 1960ஆம் ஆண்டுக் கோடையில் ழான் ரூஷ், எட்கார் மொரேன் என்னும் இருவர் பாரிஸ் தெருக்களில் மக்களை அணுகி, நீங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா என்று கேட்கச் செய்து படமெடுத்தனர். தோளில் தூக்கிய இலேசான காமிரா, கூடவே ஒலிப்பதிவு. வந்த ஒளியை அப்படியே வாங்கிக்கொண்டார்கள். பின்னர் 1967இல் சோனி நிறுவனம் ஒருவரே தூக்கிச் செல்லத்தக்க வீடியோக் கருவியை வெளியிட்டது. 1970களில் பகலொளியின் நிறத்திலேயே எரியும் எச்.எம்.ஐ. விளக்குகள் புழக்கத்துக்கு வந்தன. ஆயினும் நண்பகல் சூரியனோடு போட்டியிட விளக்கு மிகப் பெரிதாகவும் மிக அருகிலும் இருக்கவேண்டும். விளக்கு இரு மடங்கு தொலைவு விலகினால் ஒளி நான்கில் ஒன்றாகிவிடும் என்பது நீங்கள் பௌதிக வகுப்பில் படித்ததுதான்.

தானே இயங்கும் காமிரா இந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டது என்று விளம்பரங்கள் கூறும். நான் ஏமாந்ததும் அதனால்தான். மேகம் வந்தால் அது கண்ணை அகலத் திறக்கிறது. மேகம் போனால் சுருக்குகிறது. பெரியவர் வெள்ளைத் துண்டைத் தோளில் போட்டால்கூட, வெயில் அடிப்பதாக எண்ணி முகத்தை இருட்டாக்குகிறது. மனிதர் பேசும்போது பின்னணி மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்கும்.

மறு ஆண்டுத் தை மாதம் மீண்டும் தனுஷ்கோடிக்குச் சென்றேன். முதல் நாள் பெரியவரைச் சந்திக்காமல், காலை முதல் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் வடபுறத்தில் நாள் முழுவதும் வெயில் படவில்லை. தை மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால் கிடைக்கும் வசதி அது. ஆனி மாதமாயின் அந்த ஊரில் நடுப்பகல் வெயில் வடபுறமே விழும். பெரியவரை அந்த நிழலில் உட்காரவைத்தேன். திறந்த வானத்தின் ஒளி மட்டுமே படும் நிழலில், வெயிலை மேகம் மறைத்தாலும் முகத்தின் ஒளி அதிகம் மாறுவதில்லை. வெண்மேகங்கள் ஓடும்போது சற்றுக் கூடுவதும் உண்டு. பின்னணியும் நிழலாகவே இருக்கும்படி சுவரையே வைத்துக்கொண்டேன். வெள்ளித்தகடு ஒட்டிய பலகை வேண்டாமென்று விட்டுவிட்டேன். வெயில் இருக்கும்வரை அது கன்னத்தில் பளீரென்று அடிக்கும். மேகம் வந்த கணமே செத்துவிடும். அதற்குப் பதிலாக ஒரு பக்கத்தில் வெள்ளைப் போர்வை ஒன்றைக் கட்டினேன். முகத்துக்கு ஒருமுறை ஒளியளவையும், வெள்ளைத் தாளுக்கு ஒருமுறை நிறத்தையும் கையால் அமைத்து, பிறகு தொடவில்லை. மடியில் ஒரு நோட்டுப் புத்தகம்.

இங்கே ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். கதைப்படத்தில் ஒளியைச் சீராக்குவது வித்தை. சாட்சி சொல்லும் மனிதரின் படத்திலோ, சீரான ஒளி வெட்டிய இடத்தை மறைக்கும் திரையாகவும் ஆகிவிடக்கூடும். அன்று அந்த மாணவி என்னைப் பிடித்தது மேகத்தின் உதவியால். ஒளியை நன்றாக அமைத்திருந்தேனாயின் அவளுக்கு ஒன்றுமே தெரிந்திராது, நானும் தப்பியிருப்பேன். ஆயினும் முகம் விநாடிக்கு விநாடி நிறம் மாறினால் கேட்பவரின் கவனம் சொல்லைவிட்டு ஒளியின்மேல் போய்விடுகிறது என்பதும் மெய். ஆகவே ஒளியைச் சீராக்கினேன். மௌனத்தை வெட்டுவதில்லை என்று முடிவு செய்தேன்.

பெரியவரிடம், “ஐயா, போன தடவை எடுத்தது சரியாக அமையவில்லை. மன்னிக்கவேண்டும்; மறுபடியும் சொல்வீர்களா?” என்று கேட்டேன். அவர் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். “மழை வராது தம்பி, நீங்க போடுங்க” என்றார்.

அன்று எழுதிய பக்கம் இப்போது என் முன் இருக்கிறது. “11.05 வெயில். புயலுக்கு முந்திய நாள் பற்றி. 11.20 மேகம். தம்பி கை. பேச்சு இல்லை. 11.24 வெயில். பேச்சு தொடர்ந்தது.”